நான் அவிழ்த்த வேப்பிலை

அன்று விடியற்காலையில் எங்கள் வாசல் ஆணியில் கட்டியிருந்த வேப்பிலையை நான் அவிழ்த்தது பாவமா, இல்லை, குடும்பத்தைக் காப்பாற்ற நினைக்கும் எவளும் செய்யக்கூடியதுதானா? இரண்டு வருடமாகிறது. இன்னும் எனக்குப் பதில் தெரியவில்லை. நினைத்தால் அழுகை வந்தாலாவது பரவாயில்லை. எனக்கு வருவது ஆத்திரம். அந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவது என்பதில்தான் நாளுக்கொரு தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நாங்கள் மலாக்காவில், காஜா பேராங் பகுதியில், ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் ஏழு பலகை வீடுகளில் ஒன்றில் குடியிருக்கிறோம். முன்னறை, உள்ளறை, பின்னால் சமையல்கட்டு. என் கணவர் செங் ஊருக்குப் போகும் சாலையில் உள்ள ஒரு பிஸ்கட் கம்பெனியில் மாவு பிசையும் பகுதியில் வேலை பார்த்தார். நாள் சம்பளம். போன நாளுக்குக் கூலி, போகாத நாளுக்கு இல்லை. அப்படியே ஆறாவது வருடம் நடந்துகொண்டிருந்தது. அந்த வருடக் கடைசியில் மாதச் சம்பளப் பட்டியலில் சேர்த்துவிடுவதாக அவர்கள் பகுதியை மேய்க்கும் மண்டோர் சொல்லியிருந்தார். மாதச் சம்பளக்காரர்களுக்கு நோய் வந்தால் சம்பளத்தோடு லீவு உண்டு. நாள் சம்பளக்காரர்களுக்கு நோயே வரக்கூடாது. சட்டத்தில் அப்படி எழுதவில்லைதான். ஆனால் அதன் அர்த்தம் அதுதான்.

அது மெர்டேக்கா, நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருடம். ஊர் முழுக்க ஒரே பேச்சு. கொடி எப்படி இருக்கும், அன்றைக்கு லீவு உண்டா, பள்ளிக்கூடத்தில் மிட்டாய் கொடுப்பார்களா என்றெல்லாம். எங்கள் மகளுக்கு அப்போது மூன்று வயது. அந்தப் பேச்சுக்கு நடுவில் ஒரு திங்கட்கிழமை மத்தியானம் அவள் வயிற்றைச் சொறிந்துகொண்டு வந்து நின்றாள். சட்டையைத் தூக்கிப் பார்த்தேன். நாலைந்து சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு தேங்காயெண்ணெய் தடவினேன். சாயந்தரத்துக்குள் புள்ளிகள் எல்லாம் முத்து முத்தாக நீர் கோத்துவிட்டன. உடம்பு அனலாய்க் கொதித்தது.

பக்கத்து வீட்டு அக்கா, பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து மலாய் பேசிப் பழகிவிட்ட மலாக்காச் செட்டி வம்சம். அவருக்குத் தமிழ் பேச வராது. அவர்களுடைய மலாயும் எனக்குப் பாதிதான் பிடிபடும். ஆனால் மாரியம்மன் முன்னால் நாங்கள் இருவரும் ஒரே மாதிரிதான் கை கூப்பி நிற்போம். குழந்தையின் அழுகைச் சத்தம் கேட்டு வந்தவர், வயிற்றைப் பார்த்ததும் தொடாமல் இரண்டடி பின்னால் போய்க் கும்பிட்டார். "டத்தோ சாச்சார்" என்றார். சாச்சார் என்றால் அம்மை. டத்தோ என்பது அம்மனுக்கு அவர்கள் கொடுக்கும் மரியாதை. உடனே கோயிலுக்குப் போய்க் கை நிறைய வேப்பங்கொத்து ஒடித்து வந்து, ஒரு கொத்தைக் குழந்தையின் பாயில் பரப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தார். இன்னொன்றைத் தாமே எங்கள் வாசல் ஆணியில் கட்டினார்.

அம்மை வீட்டுக்கு உள்ள ஒழுங்கெல்லாம் வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். தாளிப்பு இல்லை, கவிச்சி இல்லை, டாக்டரிடம் போவதில்லை. அம்மை இறங்கியபின் ஒருநாள் விட்டு ஒருநாள் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றி முடிகிறவரை அது அம்மனுடைய வீடு. எனக்கு ஏழாம் வகுப்புவரை படிப்பு உண்டு. கிருமி என்றால் என்னவென்று தெரியும். ஆனாலும் நானும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, ஈரத்துணியோடு, "தாயே, குளிர்ந்து போ" என்றுதான் சொன்னேன். பெற்றவளுக்கு இரண்டையும் நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

கணவர் வேலையிலிருந்து திரும்பினார். ஆணியில் தொங்கிய கொத்தைப் பார்த்துவிட்டு சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றார். எங்கள் இருவருக்கும் ஒரே விஷயம்தான் நினைவுக்கு வந்திருக்கும். கம்பெனி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. வீட்டில் அம்மை கண்டவர்கள் வேலைக்கு வரக்கூடாது.

இந்த விதியை நான் குறை சொல்லவில்லை. இதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் தொழிலாளி வீட்டுப் பெண்களுக்குச் சுத்தம் தெரியாது, கிருமி தெரியாது என்று பேசுகிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். ஊரார் தின்கிற பண்டம். அதன் மாவில் கைவைக்கிறவர் அம்மை வீட்டிலிருந்து போகக்கூடாது. நானே அந்தக் கம்பெனியை நடத்தினாலும் அந்த அறிவிப்பை ஒட்டத்தான் செய்வேன். ஆனால் அதற்குக் கீழே இன்னொரு வரியும் எழுதியிருப்பேன். வீட்டில் இரு, உன் சம்பளம் உன் வீட்டுக்கு வரும் என்று. அவர்கள் எழுதியிருந்தது வேறு. டாக்டர் சீட்டு இல்லாமல் மூன்று நாளுக்குமேல் வராதவர்களின் பெயர் எடுக்கப்படும்.

இப்போது பாருங்கள். அம்மை கண்டால் வரக்கூடாது. வராவிட்டால் சீட்டு வேண்டும். அம்மைக்கு நாங்கள் டாக்டரிடம் போவதில்லை. அப்படியே போனாலும் நோய் பிள்ளைக்கு. தகப்பனுக்கு எந்த டாக்டர் சீட்டு எழுதுவார்? மூன்று தண்ணீர் முடியப் பத்துப் பன்னிரண்டு நாளாவது ஆகும். ஆறு வருடத்து வேலை நாலாம் நாளே போய்விடும். மாதச் சம்பளப் பட்டியலுக்கு நாலைந்து மாதம் இருக்கும்போது.

அவர் கால் கழுவ நெடுநேரம் எடுத்துக்கொண்டார். பிறகு முன்னறைப் படியில் உட்கார்ந்து, உள்ளே பார்க்காமலே சொன்னார்.

"என்ன செய்யலாம், நீ சொல்லு. நீதான படிச்சவ."

அந்த ஒரு சொல்லை எங்கள் வரிசையில் எல்லோரும் என்மேல் போட்டு வைத்திருக்கிறார்கள். இந்தியாவுக்குக் கடிதம் எழுதுவதா, பள்ளிக்கூடத்துக்கு மனு எழுதுவதா, மருந்து பாட்டிலில் என்ன போட்டிருக்கிறது என்று வாசிப்பதா, எல்லாவற்றுக்கும் படித்தவள் நான். பதில் தெரியாது என்று சொல்ல படித்தவளுக்கு உரிமை இல்லை. காலையில் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னேன்.

அந்த மண்டோர் எங்கள் வரிசைக்கு அப்பால்தான் குடியிருந்தார். தினமும் ஆறு மணிக்கு முன்னால் சைக்கிளில் எங்கள் வாசலைக் கடந்துதான் போவார். போகும்போது மணி அடித்து என் கணவரை அழைப்பார். அதிலும் ஒரு கிண்டல் இருக்கும். வாசலில் வேப்பிலை தொங்கினால் அவர் கண்ணில் படாமல் இருக்காது.

வெளிச்சம் வருவதற்கு முன் எழுந்தேன். கத்தியை எடுத்துவிட்டு அம்மன் கொத்தின்மேல் கத்தி வைக்க மனம் வராமல் திரும்ப வைத்தேன். நகத்தால் முடிச்சை நெம்பி நெம்பி அவிழ்த்தேன். நார் இறுகியிருந்தது. அக்கா நம்பிக்கையோடு கட்டியிருந்தார். அவிழ்த்த கொத்தை மகளின் தலைமாட்டில் வைத்தேன். அவள் தூக்கத்தில் அதைப் பிடித்துக்கொண்டாள். வெளியில்தானே இல்லை, உள்ளே இருக்கிறதே, அம்மன் புரிந்துகொள்வாள் என்று ஒரு சமாதானம்.

மணிச் சத்தம் கேட்டது.

"என்னாய்யா, கல்யாண மாப்பிள்ளையாட்டம் இன்னும் பொறப்படலியா? மாவு உனக்காகக் காத்துக்கிட்டுக் கெடக்குதாம்."

"தோ வந்துட்டேன், மண்டோர்."

என் கணவர் வாசல்படியைத் தாண்டும்போது ஆணியைப் பார்த்தார். வெறும் ஆணி. பிறகு என்னைப் பார்த்தார். சைக்கிளில் ஏறிப் போய்விட்டார். அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "ஏன் அவுத்த?" என்றோ "கட்டு" என்றோ, இன்று இந்தப் பாரத்தில் பாதியாவது அவர் தோளில் இருந்திருக்கும். அதற்காகத்தான் அவர் கேட்கவில்லை என்று கோபமாக இருக்கும் நாட்களில் நினைக்கிறேன். கேட்டால் நான் உடைந்துபோவேன் என்று விட்டாரோ என்று மற்ற நாட்களில் நினைக்கிறேன்.

மண்டோர் போனதும் திரும்பக் கட்டிவிடலாம் என்றிருந்தேன். மத்தியானம் கம்பெனி வேன் சரக்கோடு அந்த வழியாகப் போகும். சாயந்தரம் மண்டோர் திரும்புவார். நடுவில் வேறு யாராவது பார்த்துப் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டால்? கட்டவில்லை.

பக்கத்து வீட்டு அக்கா பார்த்தார். "மாலு கா?" என்று கேட்டார். வெட்கமா என்று அர்த்தம். சாமி உன் வீட்டுக்கு வந்திருக்கிறாள், அவளை ஏன் ஒளித்து வைக்கிறாய் என்று கேலியும் கோபமுமாகக் கேட்டார். அவரிடம் பொய் சொல்ல முடியவில்லை. கம்பெனி விதியை எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். கேட்டுக்கொண்டார். அந்தக் கொத்து சாமிக்கு அலங்காரம் இல்லை, தெருவில் போகிறவர்களுக்கு எச்சரிக்கை என்றார். பிள்ளைக்காரி யாரும் உள்ளே வராமல் இருக்கத்தான் அது என்றார். பிறகு தம் பிள்ளைகளை எங்கள் பக்கம் வராமல் உள்ளே அழைத்துக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதை என் மனசாட்சிக்கு விட்டுவிட்டுப் போனார். அவர் அதைவிட என்னைக் காட்டிக்கொடுத்திருக்கலாம்.

மூன்றாம் நாள் வரிசையின் கடைசி வீட்டுப் பெண் வந்தாள். என்னைவிட இரண்டு வயது இளையவள். இடுப்பில் ஐந்து மாதப் பெண் குழந்தை. புருஷன் சாலை போடும் வேலையில் நாள்கூலி. ஊரிலிருக்கும் அம்மாவுக்குப் பிள்ளையின் முதல் சேதி எழுத வேண்டுமாம். பேர் வைத்தது, குப்புற விழுந்தது, யார் சாயல் என்பது.

வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் வா என்றேன். கை வேலையாக இருக்கிறேன் என்றேன். "இருங்கக்கா, நான் காத்துக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே என் கைக்குக் கீழே நுழைந்து உள்ளே வந்துவிட்டாள். அவளுக்கு அந்த உரிமை உண்டு. வாசலில் கொத்து இருந்திருந்தால் அந்தக் கடைசி வீட்டிலிருந்து இந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்த்திருக்கமாட்டாள்.

என் மகள் உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். திரையை இழுத்துவிட்டேன். வந்தவள் முன்னறைப் பாயில் பிள்ளையைக் கிடத்தினாள். அன்று காலை காற்றுக்காக என் மகளைக் கிடத்தியிருந்த அதே பாய். பார்த்துக்கொண்டே நின்றேன். என் வாய்க்குள் ஒரே ஒரு வாக்கியம் இருந்தது. பிள்ளையைத் தூக்கு, எங்கள் வீட்டில் அம்மை. ஐந்து சொல். அதைச் சொன்னால் அவள் தன் புருஷனிடம் சொல்வாள், அவன் டீக்கடையில் சொல்வான், மண்டோர் அங்கேதான் டீ குடிக்கிறார். பேனாவை எடுத்தேன். "அன்புள்ள அம்மாவுக்கு" என்று எழுதினேன். அத்தனை வேகமாக ஒரு கடிதத்தை நான் எழுதியதில்லை. அவள் சொன்னதில் பாதியை எழுதாமல் விட்டேன். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. அம்மைக்கு அது போதுமாக இருந்தது.

எங்கள் மகளுக்கு முதல் தண்ணீர், இரண்டாம் தண்ணீர் எல்லாம் சமையல்கட்டில் சத்தமில்லாமல் ஊற்றினேன். பொக்குகள் உதிர்ந்தன. என் கணவர் ஒரு நாள் தவறாமல் வேலைக்குப் போனார். ஜெயித்துவிட்டோம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். இப்போது அந்த நினைப்பை நினைத்தால் கன்னத்தில் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

இரண்டு வாரம் கழித்து அவருக்குக் காய்ச்சல் கண்டது. குலுக்கும் காய்ச்சல். அன்றும் போனார். நான் தடுத்தேனா? போகாதீர்கள் என்று சொன்னேன். கையில் சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துக்கொண்டே சொன்னேன். அதற்குப் பெயர் தடுப்பது இல்லை. மாவுத் தொட்டிக்கு முன்னால் அவர் சட்டைக் கையை மடித்தபோது முழங்கைக்கு மேலே இரண்டு முத்து. மண்டோர் பார்த்துவிட்டார். தொட்டியிலிருந்த மாவு முழுவதையும் கொட்டச் சொன்னார்களாம். கூட வேலை செய்தவர்கள், ஆறு வருடம் ஒன்றாகச் சாப்பிட்டவர்கள், சுவரோரம் ஒதுங்கி நின்றார்களாம். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அவர்கள் வீட்டிலும் பிள்ளைகள் உண்டு, அவர்களுக்கும் லீவு கிடையாது.

அன்று எங்கள் வாசலில் பகிரங்கமாக வேப்பிலை கட்டினேன். ஒளிக்க இனி ஒன்றுமில்லை.

மறுநாள் கம்பெனி ஆபீசுக்கு நானே போனேன். கணக்கெழுதும் கிராணி ஜன்னலுக்குப் பின்னால் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். நம் ஆள்தான், நல்ல தமிழ் பேசுகிறவர். அதற்கு முந்தின மாதம் இருமலுக்காக ஒரு வாரம் சம்பளத்தோடு வீட்டில் இருந்தவர் என்று எனக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னேன். ஆறு வருடம் ஒழுங்காக வந்தவர், மூன்று தண்ணீர் முடிகிறவரை லீவு கொடுங்கள், முடிந்தால் சம்பளத்தில் பாதியாவது கொடுங்கள், பெயரை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்று கேட்டேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, உங்க ஆளுங்களே அது நோவு இல்ல, சாமின்னு சொல்றீங்க. நோவு வந்தா லீவு உண்டா இல்லியான்னு பேசலாம். சாமி வந்ததுக்குக் கம்பெனி என்னம்மா பண்ணும்?"

பின்னால் இருந்த இன்னொருவர் சிரித்தார்.

அந்தச் சிரிப்புக்கு என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இப்போது நன்றாகத் தெரியும். சாமி என்று நாங்கள் சொல்வது, எங்களுக்கு டாக்டரிடம் உட்கார நேரமும் படுத்துக்கிடக்கக் கூலியும் யாரும் கொடுக்காத காலத்தில் கற்றுக்கொண்ட பொறுமை, ஐயா. வாசலில் இலையைக் கட்டி, வீட்டில் அடங்கி இருந்து, மூன்று தண்ணீர்வரை யாரையும் அண்டவிடாமல் இருப்பதைவிட நல்ல சுகாதார விதி உங்கள் அறிவிப்புப் பலகையில் இருக்கிறதா? அந்த விதியை எங்களால் காப்பாற்ற முடியாமல் செய்தது உங்கள் விதி. காய்ச்சல்காரன் பிசைந்த மாவை ஒரு நாள் பார்த்துவிட்டீர்கள், கொட்டிவிட்டீர்கள். பார்க்காத நாட்களின் மாவு உங்கள் வீட்டு டீத்தட்டுக்கு வந்திருக்கும், ஐயா. இவ்வளவும் சொல்லியிருக்க வேண்டும்.

நான் சொன்னது, "சரிங்க ஐயா."

டாக்டர் சீட்டு கொண்டுவந்தால் பார்க்கலாம் என்றார். வீட்டுக்கு வந்து கணவரை எழுப்பினேன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்றேன். அவர் மாட்டேன் என்றார். "அம்மா கோவிச்சுக்கும்" என்றார். முகமெல்லாம் வீங்கி, கண் திறக்க முடியாமல், பிள்ளை மாதிரிச் சொன்னார். அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், கிராணியிடம்தான் பேச முடியவில்லை என்றேன். கூப்பிட்ட டிரைஷா வண்டிக்காரன் அவர் முகத்தைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டு மிதித்துப் போய்விட்டான். தலையில் துண்டைப் போர்த்தி நடத்தியே கூட்டிப்போனேன். வெயிலில், அம்மை கண்ட உடம்பை, காஜா பேராங் சாலை நெடுக. எதிரில் வந்தவர்கள் சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போனார்கள். பக்கத்து வீட்டு அக்கா தம் வாசலில் நின்று பார்த்தார். வேப்பிலையை அவிழ்த்ததை மன்னித்தவர் இதை மன்னிக்கவில்லை. வெகு நாள் என்னோடு பேசவில்லை.

சீட்டு கிடைத்தது. சின்னம்மை, பத்து நாள் ஓய்வு என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. அதைக் கிராணியிடம் நீட்டினேன். கையால் வாங்காமல் மேசையில் வைக்கச் சொன்னார். வாசித்தார். நாள் சம்பளக்காரர்களுக்குச் சிக் லீவே கிடையாது என்றார்.

"அப்ப எதுக்குங்க ஐயா சீட்டு கேட்டீங்க?"

"ரூல்ஸ்மா" என்றார்.

என் வாழ்க்கையில் நான் அங்கே கேட்ட கேள்வி அந்த ஒன்றுதான். அதற்குக் கிடைத்த பதிலும் அந்த ஒன்றுதான்.

அந்த நாட்களில்தான் கடைசி வீட்டுப் பிள்ளைக்கும் கண்டது. ஐந்தரை மாதக் குழந்தைக்கு வாய்க்குள்ளே, இமைக்குள்ளே எல்லாம். பால் குடிக்க முடியாமல் அது கத்திய கத்தல் ஏழு வீட்டுக்கும் கேட்டது. அதன் தகப்பன் வேலைக்குப் போகாமல் மூன்று நாள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தான். அவனுக்கும் அந்த மூன்று நாள் கூலி இல்லாத நாள்தான். பிள்ளை பிழைத்தது. அம்மன் விட்டாள் என்று அவர்கள் சொல்கிறார்கள். வலது கண்ணுக்குக் கீழே ஒரு குழி மட்டும் நின்றுவிட்டது, அரிசி பதிந்தாற்போல.

தண்ணீர் ஊற்றி முடிந்த பிறகு அவள் என்னிடம் வந்து அழுதாள். நான் எதிர்பார்த்துத்தான் இருந்தேன். திட்டட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்று தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது வேறு.

"எங்கேருந்து வந்துச்சின்னே தெரியலக்கா. அண்ணனுக்குக் கண்ட அன்னைக்குத்தான் எங்க பிள்ளைக்கும். அதுக்கு முன்னாடி நம்ம வரிசையில யாரு வாசல்லயும் வேப்பில பாக்கலியே."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஆமாம் என்றேன்.

மூன்றாம் தண்ணீர் முடிந்து என் கணவர் கம்பெனிக்குப் போனபோது அவர் பெயர் பட்டியலில் இல்லை. சீட்டு பத்து நாளுக்குத்தான், அவர் அதற்குமேல் நாலு நாள் வரவில்லை என்றார்கள். வேண்டுமானால் புது ஆளாக வரலாம், வாசலில் நிற்கிறவர்களோடு நிற்கட்டும் என்றார்கள். அந்த வாரம்தான் மெர்டேக்கா. கம்பெனி வாசலில் தோரணம். பட்டியலில் உள்ள எல்லோருக்கும், நாள் சம்பளக்காரர்களுக்குக்கூட, அன்று சம்பளத்தோடு லீவு. நாடு பிறந்ததற்கு. நல்லதுதான், நானும் சந்தோஷப்பட்டேன். என் மகளுக்கு ஒரு காகிதக் கொடி வாங்கி, வேறு இடம் இல்லாததால், அந்த வாசல் ஆணியில்தான் செருகினேன். நாடு பிறந்தால் கூலியோடு லீவு கொடுக்கத் தெரிந்த கம்பெனிக்கு, அந்த நாட்டில் பிறந்த பிள்ளை படுத்தால் மட்டும் கொடுக்கத் தெரியவில்லை. கொடியைப் பார்த்துக்கொண்டே அதைத்தான் நினைத்தேன். அன்றைக்கு அப்படி நினைத்தது தப்போ என்று பயந்து, ஒருமுறை கும்பிட்டும் வைத்தேன்.

அவர் இப்போது அதே தொட்டியில், அதே மண்டோரின் கீழ், இரண்டாவது வருடத்து ஆளாக வேலை செய்கிறார். ஆறு வருடம் எங்கே போனது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. எங்கள் சிரமத்தைப் பார்த்து நானும் காலை நேரத்தில் ஒரு தமிழ்ப்பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகப் போகிறேன். எனக்கும் நாள் கணக்குத்தான். நான் போகும் நேரத்தில் என் மகளைப் பார்த்துக்கொள்கிறவள் அந்தக் கடைசி வீட்டுப் பெண். காசு கொடுத்தால் வாங்க மாட்டாள். "நீங்க எழுதுற லெட்டருக்கு நான் காசு குடுக்குறனாக்கா?" என்பாள். அவள் பெண்ணும் என் பெண்ணும் ஒரே தட்டில் சாப்பிடுகிறார்கள். நான் மத்தியானம் திரும்பும்போது கண்ணுக்குக் கீழே குழியோடு அந்தப் பிள்ளை ஓடிவந்து என் கையைப் பிடிக்கும்.

போன மாதம் தொழிற்சங்கத்துக்காரர் ஒருவர் எங்கள் வரிசைக்கு வந்தார். நாள் சம்பளக்காரர்களுக்கும் சம்பளத்தோடு நோய் லீவு வேண்டும், வீட்டில் பிள்ளை படுத்தாலும் வேண்டும் என்று மனுக் கொடுக்கப் போகிறார்களாம். லீவு கொடுத்தால் தொழிலாளி பொய் சொல்லி வீட்டில் இருப்பான் என்று முதலாளிகள் வாதாடுகிறார்களாம். லீவு இல்லாததால் எத்தனை பேர் பொய் சொல்லி வேலைக்குப் போகிறார்கள், அதனால் என்ன நடந்தது என்று யாராவது எழுத்தில் கொடுத்தால் பெரிய உதவி என்றார். வரிசையில் எல்லோரும் என்னைக் கைகாட்டினார்கள். படித்தவள் நான்தானே. கடைசி வீட்டுப் பெண்ணும் கைகாட்டினாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, "அக்கா நல்லா எழுதுவாங்க" என்றாள்.

எழுத உட்கார்ந்தேன். மற்றவர்கள் வீட்டுக் கதையை எழுதினேன், எதுவும் நிற்கவில்லை. நிற்கிற கதை ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. அதை எழுதினால் மனு வலுப்படும். நாளைக்கு வேறொருத்தி வெளிச்சம் வருமுன் எழுந்து முடிச்சை அவிழ்க்க வேண்டியிருக்காது. ஆனால் அந்தத் தாளை வரிசையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்குவார்கள். முதல் கையெழுத்து அவளுடையதாக இருக்கும். அவள் என்னை வெறுத்தால் நியாயம். ஆனால் அதற்குப் பிறகு என் மகளை யாரிடம் விடுவேன், என் வேலை என்னாகும் என்றும் மனம் கணக்குப் போடுகிறதே, அந்த மனதை என்ன செய்வது? அன்று வேப்பிலையை அவிழ்த்ததும் இதே மனம்தான்.

அவளிடம் முதலில் தனியாகச் சொல்லிவிடலாம் என்று நேற்று முடிவு செய்தேன். இன்று காலை அவள் என் மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். சொல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன்.

இந்தப் பத்திரிகையை வாசிக்கிறவர்களில் பிள்ளை பெற்றவர்கள் இருப்பீர்கள், நாள்கூலிக்குப் போகிறவர்களும் இருப்பீர்கள். அதனால் உங்களைக் கேட்கிறேன். அந்தக் கிராணி செய்ததையும் நான் செய்ததையும் ஒன்றாக்கி எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டாம். என்னைத் திட்டிவிட்டு அவர்களை விட்டுவிடவும் வேண்டாம். மனு இந்த மாதக் கடைசியில் போகிறது. அவளிடம் சொல்லிவிட்டு எழுதுவதா, எழுதியதை முதலில் அவளுக்குத் தனியாக வாசித்துக் காட்டுவதா? அவள் இடத்தில் நீங்கள் இருந்தால், எதை எப்படிக் கேட்டால் அந்தத் தாளில் கையெழுத்துப் போட உங்களுக்கு மனம் வரும்? எழுதுங்கள். கடுமையாக எழுதினாலும் பரவாயில்லை, ஆனால் சீக்கிரம் எழுதுங்கள்.